அசையாத டார்ச்சும் நாலு மில்லிமீட்டரும்

போன வருஷம் ஏப்ரலில், கோவைக்கு வெளியே ஒரு தொழிற்பயிற்சி மையத்தில், நாங்கள் செய்துகொடுத்த வி.ஆர். (மெய்நிகர்) வெல்டிங் சிமுலேட்டரைச் சோதிக்க ஒரு மாஸ்டர் வந்தார். முப்பது வருஷம் வெல்டிங் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். ஹெட்செட்டை அவர் தலையில் மாட்டிக்கூடப் பார்க்கவில்லை. டார்ச்சை, அதாவது வெல்டிங் செய்யக் கையில் பிடிக்கும் கருவியை, எடுத்து வைஸில் இறுக்கினார். முனைக்கும் தகட்டுக்கும் நடுவே 12.4 மி.மீ. என்று திரை காட்டியது. சட்டைப்பையிலிருந்த சின்ன நோட்டில் அதைக் குறித்துக்கொண்டு, "வாங்க, டீ சாப்பிட்டுட்டு வந்துரலாம்" என்று எல்லாரையும் கூட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். கால் மணி நேரம் கழித்து வந்து மேஜையைச் சுற்றி நின்றோம். திரையில் 16.1. நடுவில் யாரும் டார்ச்சைத் தொடவில்லை. "டார்ச் நடந்து போச்சுங்களா?" என்றார். கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டார். எனக்கு அதுதான் அதிகமாக வலித்தது.

மிக் வெல்டிங் (கம்பி தானாக வந்து உருகும் வகை) தெரிந்தவர்களுக்கு இந்த நாலு மில்லிமீட்டர் எவ்வளவு பெரியது என்று சொல்ல வேண்டியதில்லை. டார்ச்சின் செப்பு முனைக்கும் தகட்டுக்கும் உள்ள தூரத்தைச் சாதாரண வேலைகளில் 10-லிருந்து 15 மி.மீ.க்குள் பிடிக்கப் பழக்குவார்கள். அந்தப் பழக்கத்தைக் கற்றுத்தர வந்த கருவியே நாலு மி.மீ. தள்ளிச் சொன்னால் பையன்கள் தப்பாகத்தான் பழகுவார்கள். ஒப்பந்தத்தில் "டார்ச் முனையின் இடம் 2 மி.மீ. துல்லியத்துக்குள்" என்று ஒரு வரி இருந்தது. அவர்கள் கேட்கவே இல்லை, நான்தான் பெருமைக்கு எழுதிக் கொடுத்தேன். மொத்தத் தொகை 3,60,000 ரூபாய். அதில் 1,44,000 அவர் கையெழுத்துப் போட்டால்தான் வரும். அன்றைக்குப் போடவில்லை.

எனக்கு அந்தத் தைரியம் எப்படி வந்தது என்றால், எங்கே தேடினாலும், டார்ச் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கும் இந்த வகை டிராக்கிங்குக்கு "மில்லிமீட்டருக்கும் குறைவு" என்றுதான் போட்டிருக்கும். நானும் சும்மா நம்பிவிடவில்லை, சோதித்தேன் என்றே நினைத்தேன். டார்ச்சில் மாட்டும் டிராக்கரை மேஜை மேல் வைத்து, பத்து விநாடி எண்களைப் பதிவு செய்து, திட்ட விலக்கம், அதாவது எண்கள் எவ்வளவு சிதறுகின்றன என்று பார்த்தேன். 0.3 மி.மீ. வந்தது. அன்று இரவே ஒப்பந்தத்தில் அந்த வரியைச் சேர்த்தேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. பாலிடெக்னிக்கில் முதல் வருஷமே வெர்னியர் கொடுத்து, ஜீரோ எரர் (தொடக்கமே பூஜ்யத்தில் நிற்காத பிழை) இருக்கிறதா பார் என்று சொல்லித்தருவார்கள். ஜீரோ எரர் உள்ள வெர்னியரில் பத்து முறை அளந்தால் பத்து முறையும் ஒரே எண்தான் வரும், பத்தும் தப்பாகவே இருக்கும். நான் பத்து விநாடியில் அளந்தது எண்ணின் நடுக்கத்தை மட்டும். எண் உண்மையா என்று பார்க்க வேண்டுமானால் வெளியிலிருந்து இன்னொரு அளவுகோல் வேண்டும். அது என்னிடம் இல்லை, தேவை என்றும் தோன்றவில்லை.

எங்களுடையது லைட்ஹவுஸ் வகை டிராக்கிங். பெயர் சொல்வது மாதிரியே கலங்கரை விளக்கம்தான். அறை மூலையில் உயரத்தில் மாட்டிய பேஸ் ஸ்டேஷன்கள் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு லேசர் கோட்டைச் சுழற்றிச் சுழற்றி வீசும். டிராக்கரின் உடம்பெல்லாம் ஒளியுணரிகள். கோடு எந்த உணரியை எந்த நேரத்தில் தொட்டது என்பதை வைத்துக் கோணத்தையும், கோணங்களை வைத்து இடத்தையும் கணக்குப் போடும். ஒரு வீச்சுக்கும் அடுத்ததுக்கும் நடுவே டிராக்கருக்குள் இருக்கும் முடுக்கமானியும் சுழல்மானியும் சமாளித்துக்கொள்ளும். ஆக வெளிச்சத்தை மறைப்பது, பிரதிபலிப்பது, ஸ்டேஷனை ஆட்டுவது என்று எது நடந்தாலும் எண் கெடும். இந்த ஒரு பத்தியை அன்றைக்கே உட்கார்ந்து யோசித்திருந்தால் பாதிப் பணம் மிஞ்சியிருக்கும்.

யோசிக்கவில்லை. வாங்கினேன். இரண்டு ஸ்டேஷன் போதவில்லை போலிருக்கிறது, நாலாக்கினால் சரியாகிவிடும் என்று இன்னும் இரண்டு வாங்கினேன், 36,000 ரூபாய். பிறகு டிராக்கரில்தான் கோளாறோ என்ற சந்தேகத்தில், கைமாறி வந்த ஒரு பழைய எச்.டி.சி. வைவ் டிராக்கரை 8,500-க்கு வாங்கினேன். அது 2017-ல் வந்த முதல் தலைமுறை. பழைய வகையான 1.0 ஸ்டேஷன்களோடு மட்டும்தான் பேசும், என்னிடம் இருந்தவையோ அடுத்த வகையான 2.0. 2018-லிருந்து வந்த டிராக்கர்கள்தான் இரண்டோடும் பேசும், மேலே உள்ள சின்னம் நீலமா சாம்பலா என்று பார்த்தே கண்டுபிடிக்கலாம். இதைப் பெட்டி பிரித்த பிறகுதான் தெரிந்துகொண்டேன். விற்றவர் திருப்பி எடுக்க மாட்டேன் என்றார், அவர் மேல் தப்பும் இல்லை. ஏற்கெனவே உள்ள தப்பு எங்கே என்று தெரியாமல் புதுச் சாமான் சேர்த்தால் சந்தேகப்பட வேண்டிய இடங்கள்தான் கூடும். நாலு ஸ்டேஷனோடும் அதே நாலு மில்லிமீட்டர் வந்தது, இந்த முறை வேறு திசையில்.

இரண்டு வாரம் சரியாகத் தூங்கவில்லை. கூட வேலை செய்கிற இருவரிடமும் "சாஃப்ட்வேரில் சின்னக் கோளாறு" என்று பொய் சொன்னேன். கடைசியில் கோவை கணபதியில் பட்டறை வைத்திருக்கும் மாமாவிடம் புலம்பினேன். அவருக்கு வி.ஆர். என்றால் பேரன் கண்ணில் கட்டிக்கொண்டு சுவரில் முட்டிக்கொள்ளும் டப்பா. முழுக்கக் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "நீ எதை வெச்சு அளந்தே கண்ணு?" பதில் சொல்ல முடியவில்லை. "ஞாயித்துக்கிழமை வா, மில்லிங் மெஷின் சும்மாத்தான் நிக்கும்" என்றார்.

உலோகத்தைச் செதுக்கும் மில்லிங் மெஷினை விட நல்ல சோதனை மேடை நம் ஊரில் கிடைக்காது, இதை யாராவது முதலிலேயே சொல்லியிருக்கலாம். கைப்பிடியைச் சுற்றினால் மேஜை நேர்கோட்டில் நகரும். எவ்வளவு நகர்ந்தது என்பதை அதில் மாட்டியுள்ள டி.ஆர்.ஓ. என்ற டிஜிட்டல் அளவுகாட்டி 0.005 மி.மீ. படியில் காட்டும். நாம் பிடிக்க வேண்டிய தப்பு மில்லிமீட்டர் கணக்கு என்பதால் அதைவிட நல்ல சாட்சி தேவையில்லை. டிராக்கரின் அடியில் கேமரா ஸ்டாண்டுக்கு உள்ள அதே கால் அங்குல மரைதான். மாமா ஒரு நைலான் கட்டையில் போல்ட் வைத்துத் தாங்கி செய்து மேஜையில் பிடித்துக் கொடுத்தார். ஒவ்வொரு 50 மி.மீ.க்கும் நிறுத்தி, ஐந்து விநாடி பதிவு, அப்புறம் அடுத்தது. போகும்போது ஒரு தரம், திரும்பி வரும்போது ஒரு தரம்.

முதல் ஞாயிறு முழுக்க வீண். எண்கள் தவளை மாதிரித் துள்ளின. மத்தியானம்தான் உறைத்தது: பளபளக்கும் மேஜை, குரோம் பூசிய கைப்பிடிகள், பக்கத்தில் துடைத்து வைத்த ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகடு, எல்லாமே லேசருக்குக் கண்ணாடி. கோணிச்சாக்கும் பழைய போர்வையும் போட்டு மூடியதும் துள்ளல் அடங்கியது. உங்கள் அறையில் நிலைக்கண்ணாடி, கண்ணாடிக் கதவு வைத்த பீரோ, பெரிய டிவி எது இருந்தாலும் முதல் வேலையாக மூடுங்கள், நேர் வெயில் விழும் ஜன்னலுக்குத் திரை போடுங்கள். அதற்கு அப்புறமும் ஒரு விட்டுவிட்டு வரும் நடுக்கம் மிச்சமிருந்தது. பக்கத்துப் பட்டறையில் பவர் பிரஸ் ஞாயிற்றுக்கிழமையும் ஓடிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு அடிக்கும் ஷெட்டின் இரும்புத் தூண் அதிர, தூணில் மாட்டிய என் ஸ்டேஷனும் அதிர்ந்தது. ஸ்டேஷனில் துளி ஆட்டம் இருந்தாலும் மூன்று மீட்டர் தள்ளி அது பெரிதாகத் தெரியும். கனமான டிரைபாடில் மாற்றி, காலடியில் மணல் மூட்டை வைத்த பிறகு நின்றது.

கம்ப்யூட்டர் பக்கமும் இரண்டு கோளாறு இருந்தது. டிராக்கரோடு கம்பியில்லாமல் பேசும் டாங்கிளை யூ.எஸ்.பி. 3 துளைகளுக்கு ஒட்டியே சொருகியிருந்தேன். யூ.எஸ்.பி. 3 போடும் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் வந்து விழும், டாங்கிள் பேசுவதும் அதில்தான். ஒரு நீட்டிப்புக் கேபிள் போட்டு அரை மீட்டர் தள்ளி வைத்தால் போதும், நூறு ரூபாய்க் காரியம். இன்னொன்று என் நிரலில். டிராக்கிங்கை நடத்தும் ஸ்டீம்வி.ஆர். மென்பொருளிடம் டிராக்கரின் இடத்தைக் கேட்கும்போது எத்தனை விநாடி முன்னோக்கிக் கணித்துச் சொல்ல வேண்டும் என்றும் ஓர் எண் கொடுக்கலாம். விளையாட்டுக்கு அது தேவை. அளவெடுக்க வரும்போது பூஜ்யம் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் நீங்கள் அளப்பது ஆரூடத்தை. கூடவே, இந்த இடம் செல்லுமா, டிராக்கிங் ஒழுங்காக நடக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் ஒரு குறி வரும். அதையும் எண்ணோடு சேர்த்துப் பதியுங்கள். நான் பதியவில்லை. டீ இடைவேளையில் என்ன நடந்தது என்று பின்னால் தோண்டிப் பார்க்க முடியாமல் போனதற்கு அதுதான் காரணம்.

இரண்டாவது ஞாயிறுதான் உருப்படியான எண் வந்தது. 50 மி.மீ. நகர்த்தினால் டிராக்கர் சொன்னது 49.6, 50.3 என்று அரை மில்லிமீட்டருக்குள்ளேயே இருந்தது. பரவாயில்லையே என்று நினைத்தேன். ஆனால் முழு 600 மி.மீ. ஓடியபோது மேஜை மட்டமாகத்தான் போகிறது, டிராக்கரோ ஐந்து மி.மீ. மேலே ஏறியதாகச் சொன்னது. ஏறக்குறைய அரை டிகிரி சாய்வு. மாமா ஸ்பிரிட் லெவல் வைத்துக் காட்டினார், மேஜையில் குற்றமில்லை. அன்றைக்கு இரவு தேடியபோதுதான் இது பழைய சங்கதி என்று தெரிந்தது. நீஹார்ஸ்டர், லி, லாப்பெ என்ற மூன்று ஆராய்ச்சியாளர்கள் எச்.டி.சி. வைவை அறிவியல் சோதனைக்கு நம்பலாமா என்று அளந்து, 2017-லேயே ஐ-பர்செப்ஷன் இதழில் எழுதியிருக்கிறார்கள். சும்மா வைத்தால் நடுக்கம் மிகக் குறைவு, ஆனால் கருவி நினைக்கும் தரை நிஜத் தரைக்குச் சாய்ந்திருக்கிறது, டிராக்கிங் ஒருமுறை அறுந்து திரும்பினால் அந்தச் சாய்வும் மாறிவிடுகிறது என்று. நான் பத்து விநாடி பார்த்து மயங்கியதையும், நான் பார்க்காமல் விட்டதையும் ஒரே கட்டுரையில் வைத்திருந்தார்கள். ஒப்பந்தம் போடும் முன் அரை நாள் செலவழித்து இதைப் படித்திருக்கலாம்.

டீ மர்மமும் அன்றைக்கே உடைந்தது. டிராக்கரை நிறுத்தி வைத்து எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாமா எட்டிப் பார்க்க வந்து ஒரு ஸ்டேஷனுக்கும் டிராக்கருக்கும் நடுவில் நின்றார். எண் 3.5 மி.மீ. தள்ளி நின்றது. விலகினார், பழைய இடத்துக்கு வந்தது. இரண்டு ஸ்டேஷனும் தெரியும்போது போடும் கணக்கும் ஒன்று மட்டும் தெரியும்போது போடும் கணக்கும் ஒரே இடத்தில் வந்து முடிவதில்லை. பயிற்சி மையத்தில் டார்ச் நடக்கவில்லை. நாங்கள் எட்டுப் பேர் டீ குடித்துவிட்டு வந்து, என்ன ஆச்சு பார்ப்போம் என்று சுற்றி நின்றோமே, அதுதான் விஷயம். பார்க்க வந்தவர்கள்தான் எண்ணை மாற்றினார்கள். மாமாவை நடுவில் நில்லுங்கள், விலகுங்கள் என்று இருபது தடவை சொல்லியிருப்பேன், பாவம். உங்கள் கருவியையும் இப்படிச் செய்து பாருங்கள்: ஒவ்வொரு ஸ்டேஷனையும் ஒரு அட்டையால் மறைத்து எண் எவ்வளவு தாவுகிறது என்று எழுதி வையுங்கள். ஐந்து நிமிஷ வேலை, மெஷின் ஒன்றும் வேண்டாம்.

அடுத்தது டார்ச் முனை. டிராக்கர் இருப்பது கைப்பிடியில், எனக்கு வேண்டியது 250 மி.மீ. தள்ளியிருக்கும் முனை. டிராக்கரின் கோணத்தில் அரை டிகிரி தப்பு வந்தால் முனையில் அது 2.2 மி.மீ. ஆகிவிடும். ஒப்பந்தத்தில் நான் எழுதிய மொத்த அளவும் அங்கேயே காலி. நான் சோதித்ததெல்லாம் டிராக்கரை, விற்றதோ முனையை. முனையைச் சோதிக்க ஓர் அருமையான வழி இருக்கிறது, பத்துப் பைசா செலவில்லை. ஒரு கனமான தகட்டில் சென்டர் பஞ்சால் ஒரு குழி அடியுங்கள். முனையைக் குழியில் ஊன்றி, அது நழுவாமல் டார்ச்சை எல்லாப் பக்கமும் சாய்த்துச் சுழற்றுங்கள். முனை அசையவில்லை, ஆகவே கணக்கும் முனை ஒரே புள்ளியில் இருப்பதாகத்தான் சொல்ல வேண்டும். அது எவ்வளவு அலைகிறதோ அதுதான் உங்கள் நிஜத் தப்பு. டிராக்கரிலிருந்து முனை எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதையும் இதே பதிவிலிருந்து குறைந்தபட்ச வர்க்க முறையில் (எல்லாப் பதிவுக்கும் மிகக் குறைந்த தப்போடு பொருந்தும் எண்ணைத் தேடும் முறை) எடுத்துவிடலாம். அறுவை சிகிச்சையில் கருவியின் முனை எங்கே என்று கண்டுபிடிக்கவும் இதே முறையைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

எனக்கு அதில் மூன்று மி.மீ. தப்பு கிடைத்தது. வரைபடத்தில் இருந்த நீளத்தை அப்படியே போட்டிருந்தேன். ஆனால் டிராக்கரைப் பிடித்திருந்த தாங்கி பி.எல்.ஏ. பிளாஸ்டிக்கில் 3டி பிரிண்ட் செய்தது. சோதனை நாளன்று ஏப்ரல் வெயிலில் மூடிய காருக்குள் இரண்டு மணி நேரம் கிடந்தது. பி.எல்.ஏ. 60 டிகிரி சுற்றிலேயே இளகிவிடும். கண்ணுக்குத் தெரியாத வளைவு ஒன்று விழுந்திருந்தது. அலுமினியத்தில் புதிதாகக் கடைந்து போட்டோம், இதர சில்லறைகளோடு நாலாயிரம் ஆனது. நியாயமாகப் பார்த்தால் இந்தத் தாங்கியை முதலில் பார்த்திருக்க வேண்டும், ஸ்டேஷன் வாங்குவதற்கு முன்னால்.

மற்றதெல்லாம் சின்னவை. கருவியைப் போட்டதும் அளக்காதீர்கள்: என் பதிவில் முதல் இருபது, இருபத்தைந்து நிமிஷம் எண் மெதுவாக ஊர்ந்துகொண்டே இருந்தது, அப்புறம்தான் அடங்கியது. தாமதத்தைப் பற்றி நிறையப் பேர் கவலைப்படுகிறார்கள். உங்கள் வேலையின் வேகத்தைப் பொறுத்து முடிவு செய்யுங்கள். வெல்டிங்கில் கை விநாடிக்கு ஐந்து மி.மீ. நகர்ந்தால், 20 மில்லி விநாடித் தாமதம் 0.1 மி.மீ.தான். அதே தாமதம், விநாடிக்கு இரண்டு மீட்டர் வேகத்தில் மட்டை வீசுகிறவனுக்கு 40 மி.மீ. ஸ்டேஷனே இல்லாமல், ஹெட்செட்டில் உள்ள கேமராக்களை வைத்தே இடம் கண்டுபிடிக்கும் குவெஸ்ட் வகை போதாதா என்று கேட்பார்கள். அதற்கு அறையே அளவுகோல். வெறும் வெள்ளைச் சுவர், மங்கிய வெளிச்சம் இரண்டும் ஆகாது. கையில் பிடிக்கும் கட்டுப்படுத்தியைக் கேமராக்கள் பார்க்க வேண்டும், முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனால் யூகம்தான். அதையும் குழிச் சோதனையில் போட்டுப் பாருங்கள், முறை ஒன்றுதான்.

கடைசியில் நான் செய்த மாற்றம் ஒன்று, மாமாவின் யோசனையிலிருந்து வந்தது. "ஒவ்வொரு ஜாபுக்கும் ஜீரோ செட் பண்ணாம யாராவது மெஷின் ஓட்டுவாங்களா?" என்றார். அறையின் ஒரு மூலையிலிருந்து டார்ச்சின் இடத்தைச் சொல்வதை விட்டுவிட்டேன். தகடு பிடிக்கும் ஜிக்கில் இன்னொரு டிராக்கரை மாட்டி, அந்த டிராக்கரிலிருந்து டார்ச் எவ்வளவு தூரம் என்று மட்டும் கணக்கிட்டேன். தரைச் சாய்வு இரண்டையும் சேர்த்தே சாய்ப்பதால் கழித்தால் பெரும்பாலும் போய்விடுகிறது. மாணவன் ஒவ்வொரு முறையும் தொடங்கும் முன் டார்ச் முனையை ஜிக்கில் உள்ள ஒரு குழியில் தொட்டு ஜீரோ செட் பண்ண வேண்டும். ஜிக்கைச் சுற்றி 300 மி.மீ.க்குள் நூறு புள்ளிகள் அளந்தோம், 95 புள்ளிகள் 2 மி.மீ.க்குள் வந்தன. ஐந்து வரவில்லை. அதை மறைக்காமல் அப்படியே எழுதிக்கொண்டு போய்க் கொடுத்து, ஒப்பந்த வரியை மாற்றித் தரும்படி கேட்டேன்: ஜிக் பகுதிக்குள், இரண்டு ஸ்டேஷனும் தெரியும்போது, கருவி அரை மணி நேரம் ஓடிய பிறகு, டார்ச் முனையில் 3 மி.மீ. இனிமேல் என் ஒப்பந்தங்களில் எங்கே, எப்போது, எந்தப் புள்ளியில், எதை வைத்து அளந்து என்ற நாலும் இல்லாமல் துல்லியம் என்ற சொல்லே வராது. தாமதத்துக்காக 25,000 ரூபாய் பிடித்துக்கொள்வோம் என்றார்கள், ஒத்துக்கொண்டேன். வீண் ஸ்டேஷன்கள், பழைய டிராக்கர், தாங்கி, பிடித்தம் எல்லாம் சேர்த்து 73,500 ரூபாய். நாலு மாதம் தனி.

ஆகஸ்டில் இரண்டாவது சோதனை. அதே மாஸ்டர், அதே வைஸ், அதே நோட்டு. 12.8 என்று குறித்துக்கொண்டார். டீ. திரும்பி வந்தோம், வழக்கம்போலச் சுற்றி நின்றோம். திரையில் எண்ணே இல்லை. சிவப்பில் "இடது ஸ்டேஷன் மறைகிறது" என்று மட்டும் இருந்தது. மாஸ்டர் திரும்பிப் பார்த்து, பின்னால் நின்ற இரண்டு பேரைத் தள்ளி நிற்கச் சொன்னார். 13.1 வந்தது. நோட்டைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். "தெரியாதப்ப தெரியலைன்னு சொல்லுதே, அது போதுங்க" என்று பேனாவை எடுத்தார்.

அந்த முதல் தலைமுறை டிராக்கர் இன்னும் என் மேஜையில் பில்கள் பறக்காமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. 1.0 ஸ்டேஷன் வைத்திருப்பவர் யாராவது கேட்டால் பாதி விலைக்குக் கொடுத்துவிடுவேன்.